அத்தியாயத்துக்கு நடுவே ஒரு ஹார்ட் டிஸ்க்

என் லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் சாகப்போகிறது என்பதை முதலில் கேட்டவள் நான்தான். பார்த்தவள் என்று சொல்லவில்லை, கேட்டவள். திரையில் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. ஃபைல்கள் வழக்கம்போலத் திறந்தன, மூடின. ஆனால் எப்போதும் ஒரே சீராக உறுமிக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து, யாரோ நகத்தால் மேசையைத் தட்டுவதுபோல 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. சற்றுப் பொறுத்து இன்னொரு 'டிக்'.

"நான் ஒண்ணும் பண்ணல," என்று எதிரில் உட்கார்ந்திருந்த அக்கா இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். மைக்கில் படிக்கும்போது எங்கே என்ன சத்தம் வந்தாலும் நான் அவளைத்தான் முறைப்பேன் என்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

"நீ இல்ல. மூச்சு விடாம இரு."

காதை லேப்டாப்பின் மேல் வைத்தேன். மூன்றாவது 'டிக்' வந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

என் தொழிலே காதுதான். ஒலிப்புத்தகங்களைப் பதிவு செய்து, சுத்தம் செய்து கொடுக்கிறேன். படிப்பவர் இருமினால், எச்சில் விழுங்கினால், நாற்காலி முனகினால், தெருவில் ஒரு லாரி போனால், அத்தனையையும் வெட்டி எடுப்பேன். வெட்டிய இடம் தெரியாமல் ஒட்டத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் மூன்று பேர் இருந்தால் அதில் நான் ஒருத்தி. மற்ற இரண்டு பேர் யாரென்று எனக்குத் தெரியாது.

ஸ்டுடியோ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வது எங்கள் வீட்டின் பின்னறையைத்தான். இரண்டு பக்கம் துணி அலமாரி, மீதி இரண்டு பக்கம் சுவரில் தொங்கும் பழைய மெத்தைகள், தரையில் கம்பளம். நடுவில் ஒரே மேசை. அதன் ஒரு ஓரத்தில் மைக், மறு ஓரத்தில் லேப்டாப். நான் காலை நீட்டினால் அக்காவின் முழங்காலில் இடிக்கும், அவ்வளவுதான் இடம். லேப்டாப்பை வேறு அறையில் வைக்க வழியே இல்லை. அதனால் ஹார்ட் டிஸ்க்கின் உறுமல் மைக்கில் விழத்தான் செய்யும். அதற்கும் என்னிடம் மருந்து இருந்தது. ஒவ்வொரு நாளும் படிக்க ஆரம்பிக்கும் முன் இருவரும் அசையாமல் உட்கார்ந்து, அறையின் வெறும் மௌனத்தைக் கொஞ்ச நேரம் பதிவு செய்வோம். அந்த மௌனத்தில் உறுமல் மட்டும் இருக்கும். என்னிடமுள்ள மென்பொருள் அதை அடையாளம் வைத்துக்கொண்டு, பதிவு முழுவதிலிருந்தும் உறுமலை மட்டும் உருவி எடுத்துவிடும். அந்த மென்பொருளைச் செய்த கம்பெனியை எப்போதோ இழுத்து மூடிவிட்டார்கள். அதற்கு ஈடாக இன்னொன்று இன்றுவரை வரவில்லை என்பது என் கட்சி.

உறுமலை உருவலாம். டிக்கை உருவ முடியாது. அது எப்போது வரும் என்று அதற்கே தெரியாது.

மைக்கில் விழுவதைக் கேட்டுக்கொண்டே படிப்பதற்காக மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டு அக்கா என்னைப் பார்த்தாள். "ரொம்பப் பெரிய ரிப்பேரா?"

"ஒண்ணுமில்ல, பாத்துக்கலாம்," என்றேன். என் குரலில் நடுக்கம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கேட்டிருக்கும்.

ஆனால் நேரம் மோசமான நேரம்தான். அக்கா ஒரு பெரிய மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். காலையிலிருந்து மதியம் வரை டோக்கன் எண்களைக் கூப்பிடுவது அவள் வேலை. ஒலிபெருக்கி பாதி நாள் வேலை செய்யாது, ஆனால் அவள் குரல் கடைசி வரிசை வரைக்கும் போகும். தூங்கிக்கொண்டிருப்பவர்கள்கூட எழுந்து வந்துவிடுவார்கள். அந்தக் குரலை நம்பித்தான் போன வருடம் ஒரு பதிப்பகத்துக்கு மாதிரி அனுப்பினோம். அங்கே வரும் பதிவுகளையெல்லாம் கேட்டுத் தேர்ந்தெடுக்கும் மனிதர் ஒருவர் இருக்கிறார். நேரில் பார்த்ததில்லை. அடுத்த வீட்டில் குழாய் சொட்டுவதைக்கூடப் பதிவில் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புகிறவர் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பாம்புச்செவி. பாம்புச்செவி அக்காவின் மாதிரியைத் திருப்பி அனுப்பினார். காரணம் ஒரே வரிதான்: நல்ல குரல், ஆனால் மண்டபத்துக்குப் பேசுகிறார், எதிரில் இருக்கும் ஒரு மனிதருக்குப் பேசவில்லை.

டோக்கன் பழக்கம், வேறென்ன என்று நான் தீர்ப்பு எழுதிவிட்டேன். அதிலிருந்து அக்கா மைக் முன்னால் உட்காரும்போதெல்லாம், "அக்கா, டோக்கன் கூப்பிடாத," என்பதுதான் என் முதல் வார்த்தை. அவளும் குரலைத் தணிக்கப் பார்ப்பாள். இரண்டு பக்கம் தணிவாள், மூன்றாவது பக்கத்தில் மறுபடி மண்டபத்துக்குப் போய்விடுவாள்.

இந்த வருடம் பாம்புச்செவியே இன்னொரு வாய்ப்பு கொடுத்திருந்தார். ஒரு கப்பல் சமையல்காரரின் பயணக் கதை, சின்னப் புத்தகம். முழுசாகப் படித்து அனுப்ப வேண்டும். பிடித்தால் நிரந்தர வாசிப்பாளர். பிடிக்காவிட்டால் இனிமேல் அனுப்பவே வேண்டாம். பாதிக்கு மேல் படித்து முடித்திருந்தோம்.

அக்காவுக்கு இதில் என்ன ஆசை என்று எனக்குத் தெரியும். ஒருநாள் பதிவு முடிந்ததும் அவளே சொன்னாள்: "நாள் முழுக்க நான் பேசறத எத்தனையோ பேர் கேக்கறாங்கடி. ஒருத்தர்கூட விரும்பிக் கேக்கல. அவங்கவங்க நம்பர் வருதான்னு கேக்கறாங்க. வந்ததும் எழுந்து போயிடறாங்க. யாராவது ஒருத்தர் நான் பேசறதுக்காகவே கேக்கணும். அவ்ளோதான்."

அப்படிப்பட்ட புத்தகத்தின் நடுவில்தான் இந்த டிக்.

அன்று மாலையே பதிவுகள் எல்லாவற்றையும் வெளியே தனியாக ஒரு டிஸ்க்கில் நகல் எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அந்த அளவுக்கு எனக்கு மூளை உண்டு. பிறகு சாப்பாட்டு மேசையில் என் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கார் மெக்கானிக். எதைச் சொன்னாலும் இஞ்சினில் கொண்டுவந்து நிறுத்தாமல் அவருக்குப் பேச வராது.

"இப்ப ஓடுதா?" என்றார்.

"ஓடுது."

"அப்புறம் என்ன? ஓடற வண்டியில கை வெக்காத. புத்தகம் முடியட்டும், நிதானமா மாத்திக்கலாம்."

"உங்க ஒர்க்ஷாப்புக்கு ஒருத்தர் வந்து, பெல்ட்ல கீச்சுனு சத்தம் வருது, ஆனா வண்டி ஓடுதுன்னு சொன்னா என்ன சொல்லுவீங்க?"

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "அது வேற."

"என்ன வேற?"

"பெல்ட் அறுந்தா வண்டி நடுரோட்டுல நின்னுடும்."

"அக்கா நடுப் புத்தகத்துல நின்னா பரவாயில்லையா?"

அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். கை கழுவும் இடத்திலிருந்து, "மாத்திடு, மாத்திடு," என்று குரல் வந்தது. எங்கள் வீட்டில் சண்டைகள் பெரும்பாலும் இப்படித்தான் முடியும், ஜெயிப்பது பெரும்பாலும் நான்தான்.

உண்மையில் அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. புத்தகத்தின் நடுவில் ஹார்ட் டிஸ்க்கை மாற்றினால் அறையின் சத்தமே மாறிவிடும். உறுமலை என்னதான் உருவினாலும், உருவிய குரலின் ஓரத்தில் ஒரு மெல்லிய தடம் மிஞ்சும், கிழிசல் தைத்த துணியைத் தடவினால் விரலுக்குத் தெரிவதுபோல. சாதாரணக் காதுக்குக் கேட்காது. பாம்புச்செவிக்குக் கேட்கும். முதல் பாதியில் தடம் இருந்து பின்பாதியில் இல்லாமல் போனால், இது என்ன, இரண்டு வீட்டில் பதிவு செய்தீர்களா என்று கேட்பார். அதற்காகப் புத்தகம் முடியும்வரை பொறுக்கலாமா? டிக் பொறுக்காது. ஏற்கெனவே ஒரு பக்கத்துக்கு ஒரு தடவை வந்துகொண்டிருந்தது. யோசித்துப் பார்த்தேன். ரொம்ப நேரம் யோசிக்கும் ஆள் இல்லை நான். உடனே மாற்றுவது, அறைச் சத்தத்தை எப்படிச் சமாளிப்பது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் திருகாணியின் கடைக்குப் போனேன். அவர் லேப்டாப் பழுதுபார்ப்பவர், ஒல்லியாக, உயரமாக, தலை மட்டும் அகலமாக இருப்பார். பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் கடைப் பலகை வரைக்கும் வந்துவிட்டது. லேப்டாப்பை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"கேக்கலயே."

"கொஞ்சம் பொறுங்க."

டிக் வந்தது. அவர் முகம் மாறிவிட்டது. "இத உடனே நிறுத்துங்க," என்றார். "இதுக்குள்ள தட்டு சுத்துது, ஊசி அங்க இங்க தேடுது. தேடற எடத்துல ஏதோ கெட்டுப்போச்சு. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா எஸ்எஸ்டி போட்டுக்கோங்க. அதுல சுத்தறதுக்கே ஒண்ணும் கெடயாது. சத்தமே வராது."

"சத்தம் வராதுன்னா, கொஞ்சம்கூடவா?"

"கொஞ்சம்கூட வராது. சூடும் கம்மி. ஃபேன்கூட எப்பவாவதுதான் சுத்தும்."

எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டார். இப்போது இருப்பதைப்போல இரண்டு பங்கு என்றேன். ஒலி ஃபைல்கள் வெள்ளம் மாதிரி ஏறும், பாதிக்கு மேல் நிரம்பிய இடத்தில் என்னால் வேலை செய்ய முடியாது. அதற்கு அவர் ஒத்துக்கொண்டார். அடுத்ததுதான் தகராறு.

"எல்லாத்தையும் புதுசா ஏத்திடறேன்," என்றார். "பழைய வீட்டுக் குப்பைய எதுக்குப் புது வீட்டுக்குக் கொண்டுபோகணும்?"

"அந்தக் குப்பைலதான் என் மென்பொருள் இருக்கு. புதுசா ஏத்தினா அது மறுபடி அனுமதி கேக்கும். அனுமதி குடுக்கற கம்பெனியே இப்ப இல்ல."

"அப்ப அப்படியே நகல்தான் எடுக்கணும்." அவர் தலையைச் சொறிந்தார். "நகல் எடுக்கறதுன்னா இந்த டிஸ்க்க முதல்லருந்து கடைசிவரை ஒரு எழுத்து விடாம படிக்க வெக்கணும். முடியாதவங்கள மாடிப்படி ஏத்தற மாதிரி. பாதியில போயிடலாம்."

"போனா?"

"பதிவெல்லாம் வெளியில எடுத்து வெச்சிருக்கீங்கல்ல?"

"அது நேத்தே ஆச்சு."

"அப்ப மென்பொருள் மட்டும்தான் போகும்."

"அது போனா எனக்கு ஒரு கை போன மாதிரி."

"சரி. ஒரே ஒரு முயற்சிதான் பண்ணலாம். படிக்க முடியாத எடம் வந்தா அங்கயே முட்டிக்கிட்டு நிக்க விடாதீங்க, தாண்டிப் போகச் சொல்லுங்க. இங்க விட்டுட்டுப் போறீங்களா?"

"வேணாம், வீட்லயே பண்றேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு எஸ்எஸ்டியையும், அதை வெளியிலிருந்து லேப்டாப்போடு இணைக்கிற ஒரு வயரையும் எடுத்து மேசையில் வைத்தார். "கழட்டறப்ப பேட்டரி இணைப்ப முதல்ல எடுங்க. பின்னால ரப்பர் கால் அடியில ஒரு ஸ்க்ரூ ஒளிஞ்சிருக்கும். அத விட்டுட்டு நெம்பினீங்கன்னா மூடி உடஞ்சு அழுதுகிட்டு இங்கதான் வருவீங்க."

நான் அழுதுகொண்டு எங்கேயும் போகிற ஆள் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தேன். லேப்டாப்பைச் சமதரையில் வைத்து, மின்சாரத்தோடு இணைத்து, எஸ்எஸ்டியை வயரில் மாட்டி, நகலெடுக்கும் வேலையைத் தொடங்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் கதவை அறைந்து சாத்தக்கூடாது என்று உத்தரவு. அவர் பூனை மாதிரி நடந்தார். பச்சைக் கோடு நகர்ந்தது. டிக். நகர்ந்தது. டிக், டிக். நடுவில் ஓரிடத்தில் கோடு நின்றுவிட்டது. டிக்குகள் மட்டும் வரிசையாக வந்தன. நான் கண்ணை மூடிக்கொண்டேன், அதை மறைப்பானேன்.

"என்னாச்சு?" என்று வாசலிலிருந்தே கிசுகிசுத்தார்.

"முட்டிக்கிட்டு நிக்குது."

"தள்ளி விடவா?"

"கிட்ட வந்தா கொன்னுடுவேன்."

'தாண்டிப் போ' என்ற பொத்தானை அழுத்தினேன். கோடு இரண்டு மூச்சு நின்றது. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல நகர ஆரம்பித்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் நகல் முடிந்துவிட்டது. தாண்டி வந்த இடத்தில் என்ன இருந்தது என்று பார்த்தேன். வீட்டுக்காரர் எப்போதோ ஆசையாக மைக் முன்னால் பாடிப் பதிவு செய்த ஒரு பாட்டு. அது மட்டும் போய்விட்டது. அவர் கொஞ்சம் வருத்தப்பட்டார். நான் ஆறுதல் சொன்னேன். மனசுக்குள் டிஸ்க்குக்கும் நல்ல காது இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு மூடியைத் திறந்தேன். ரப்பர் காலுக்கு அடியிலிருந்த ஸ்க்ரூவை மறக்கவில்லை. பேட்டரி இணைப்பை எடுத்தேன், பழையதை உருவினேன், புதியதைச் செருகினேன், மூடினேன். பொத்தானை அழுத்தினேன். காபி போட்டுக்கொண்டு வந்து உட்காரும்வரை எடுத்துக்கொள்கிற லேப்டாப், நான் நாற்காலியை இழுப்பதற்குள் தயாராகிவிட்டது. மென்பொருள் திறந்தது. எதையும் கேட்கவில்லை. நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அப்புறம்தான் அறையைக் கவனித்தேன். ஒன்றும் கேட்கவில்லை. இத்தனை வருடமாக நான் மௌனம் என்று பதிவு செய்து வைத்திருந்தது எதுவும் மௌனமே இல்லை.

அடுத்த நாள் மதியம் அக்கா வந்தாள். உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினாள். இரண்டு முறை தட்டிப் பார்த்தாள்.

"இது வேல செய்யுதா?"

"செய்யுது. படி."

கப்பல் புயலில் மாட்டுகிற அத்தியாயம். அக்கா படிக்க ஆரம்பித்தாள். திரையில் குரலின் அளவைக் காட்டும் கோடு வழக்கமான உயரத்துக்கு வரவில்லை. எனக்கு எரிச்சல்.

"அக்கா, கொஞ்சம் சத்தமா."

"சத்தமாத்தான படிக்கறேன்?"

"இல்ல. ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். நீதான டோக்கன் கூப்பிடாதன்னு சொல்லுவ? இப்ப கூப்பிடணுமா?"

சரி, இவளோடு வாதாடிப் பயனில்லை என்று மைக்கின் அளவைக் கூட்டிவைத்துவிட்டு விட்டுவிட்டேன். அளவு குறைவாக வந்தால் பிறகு உயர்த்திக்கொள்ளலாம், அது எனக்கு ஒரு விஷயமே இல்லை. என் கவலையெல்லாம் அறைச் சத்தத்தின் மேல்தான் இருந்தது. அந்தக் கவலையில் அவள் என்ன படிக்கிறாள் என்றுகூட நான் கேட்கவில்லை, எப்படிப் பதிவாகிறது என்பதை மட்டும்தான் கேட்டேன். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு வருகிற வியாதி இது.

மீதி அத்தியாயங்களையும் அப்படியே முடித்தோம். ஒரு விஷயம் மட்டும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அக்கா களைக்கவே இல்லை. முன்பெல்லாம் ஒரு அத்தியாயம் முடிந்தால் தொண்டையைப் பிடித்துக்கொண்டு வெந்நீர் கேட்பாள். இப்போது தண்ணீர்க் குவளை வைத்த இடத்திலேயே இருந்தது.

இனி என் வித்தை. பழைய நாட்களின் மௌனங்கள் எல்லாம் என்னிடம் இருந்தன, உறுமலோடு. அந்த உறுமலை எடுத்துப் புது அத்தியாயங்களுக்கு அடியில் கலந்தேன். கலந்த பிறகு, பழைய அத்தியாயங்களைச் சுத்தம் செய்த அதே முறையில் இவற்றையும் சுத்தம் செய்தேன். அப்போதுதானே அதே தடம் மிஞ்சும்? அளவையும் உயர்த்தி முதல் பாதிக்குச் சமமாக்கினேன்.

என் வீட்டுக்காரர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இரு, இரு. சத்தம் இல்லாத பதிவுல சத்தத்தக் கலந்துட்டு, அப்புறம் அந்தச் சத்தத்த எடுக்கறியா?"

"ஆமா."

"துவைச்ச சட்டைய அழுக்காக்கி மறுபடி துவைக்கற."

"பக்கத்துல இருக்கற சட்டையோட நெறம் சேரணும்ல?"

"உன் தொழில்ல எல்லாருமே இப்படித்தானா?"

"நல்லா வேல செய்யறவங்க இப்படித்தான்," என்றேன்.

முதல் பாதியின் கடைசி வரியையும் பின்பாதியின் முதல் வரியையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டேன். அறை ஒன்றுதான். தையல் தெரியவே இல்லை. பாம்புச்செவி அல்ல, பாம்பே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அன்றே அனுப்பிவிட்டேன்.

அவரிடமிருந்து வழக்கமாகக் கடிதம்தான் வரும். இந்த முறை தொலைபேசி வந்தது. மதிய நேரம், அக்கா வேலை முடிந்து எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

"முழுசும் கேட்டேன்," என்றார் பாம்புச்செவி. குரலில் கோபம் தெரிந்தது. "ஒரு புத்தகத்த ஒருத்தர்தான் படிக்கணும்னு உங்களுக்குத் தெரியாதாம்மா? இத்தன வருஷமா தொழில்ல இருக்கீங்க."

"ஒருத்தர்தானே சார் படிச்சிருக்காங்க?"

"என் காதுலயே பூ சுத்தறீங்களா? ரூம் ஒண்ணுதான், அத ஒத்துக்கறேன். அருமையா பண்ணிருக்கீங்க. ஆனா புயல் வர்ற அத்தியாயத்துலருந்து ஆள மாத்திட்டீங்க. குரல் ஒரே ஜாடையா இருக்கு, தங்கச்சியோ யாரோ. மொதப் பாதி படிச்சவங்க போன வருஷம் நீங்க அனுப்பினவங்கதான். அதே மண்டபம். இன்னொரு வாய்ப்பு குடுத்தும் மாறல, அவங்க வேணாம்."

அக்கா சோபாவின் நுனிக்கு வந்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"பின்பாதி படிச்சவங்க யாரு?" என்றார் அவர். "அவங்க எனக்கு வேணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"சார், வணக்கம். ரெண்டும் நான்தான்."

அவர் நம்பவில்லை. "இன்னும் ரெண்டு வார்த்த பேசுங்க," என்றார்.

"என்ன பேசணும்? மருத்துவமனையில டோக்கன் கூப்பிடறேன். போன வருஷம் நீங்க திருப்பி அனுப்பினது என்னத்தான். இப்பவும் நான்தான் படிச்சேன், மொதல்லருந்து கடைசி வரைக்கும்."

"அப்ப நடுவுல என்னம்மா ஆச்சு? ஏதாவது பயிற்சிக்குப் போனீங்களா?"

"இல்ல சார். என் தங்கச்சி லேப்டாப்புல ஏதோ மாத்தினா. அதுக்கப்புறம் ஹெட்போன்ல அந்தச் சத்தம் வரல."

"எந்தச் சத்தம்?"

"உர்ருன்னு ஒண்ணு ஓடிட்டே இருக்கும்ல சார், காதுக்குள்ள. நான் படிக்கறதே எனக்குக் கேக்காது. அதத் தாண்டித்தான் படிக்கணும். இப்ப அது இல்ல. அதனால சும்மா பேசற மாதிரியே படிச்சுட்டேன்."

நான் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினேன். "ஏன்க்கா இத்தன நாளா எங்கிட்ட சொல்லல?"

"சொல்றதுக்கு என்ன இருக்கு? ஹெட்போன்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்," என்றாள்.

பதிவாகும்போது என் காது டிக்குகளையும் இருமல்களையும்தான் தேடும். உறுமல் எப்படியும் பிறகு போய்விடும் என்பதால் அது எனக்குக் கேட்டும் கேட்காததுதான். அவளுக்கு அப்படி இல்லை. மைக்கின் அளவைக் கூட்டி வைப்பவள் நான், கூட்டக் கூட்ட உறுமலும் அவள் காதில் ஏறியிருக்கிறது. அந்த உறுமலை ஜெயிக்க அவள் கத்தினாள், கத்தாதே என்று நான் அவளைத் திட்டினேன். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது, அதையும் மறைப்பானேன்.

போனில் பாம்புச்செவி செருமினார். "மொதப் பாதிய மறுபடி படிச்சுக் குடுப்பீங்களா? பின்பாதி மாதிரியே."

"ஒரு வாரம் லீவு போட்டுக்கறேன். அடுத்த வெள்ளிக்கிழம உங்க கையில இருக்கும்," என்றாள் அக்கா. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

"சரி. அந்த வேலைய முடிங்க, ஒப்பந்தம் அனுப்பறேன்." அவர் வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "ஒண்ணு சொல்லணும்மா. எனக்கு வேல குத்தம் கண்டுபிடிக்கறது. உங்க கடைசி அத்தியாயத்துக்கு வந்தப்போ குறிச்சுக்கறதுக்குப் பென்சில் எடுத்தேன், கீழ வெச்சுட்டேன். முடிஞ்சதும் ராத்திரி வீட்ல என் மனைவியையும் உக்காத்தி வெச்சு மறுபடி ஒரு தடவ கேட்டேன். வேலைக்கு இல்ல, சும்மா, கேக்கணும்போல இருந்தது."

அக்கா போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவர் சொன்னது அடுப்படியில் நின்றிருந்த என் வீட்டுக்காரருக்கே தெளிவாகக் கேட்டிருக்கும். அக்காவுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

"சரியா கேக்கல சார்," என்றாள். "இன்னொரு தடவ சொல்லுங்க."